தும்மல் விழுந்த இடம்

என் மைத்துனன் போட்ட ஒரு தும்மலால் எங்கள் ராக் குழு உருப்படாமல் போனது. இதைப் பல வருடங்களாகக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லி வருகிறேன். நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கண் சோதிக்கும் கருவியில் தாடையைப் பதித்து உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் பாதியில் எழுந்து ஓட முடியாது என்பது என் தொழிலில் உள்ள வசதி. "இதுல தெளிவா இருக்கா, அதுல தெளிவா இருக்கா" என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போடும் நேரத்திலேயே முழுக் கதையையும் சொல்லி முடித்துவிடுவேன்.

கதை பெரிதல்ல. எனக்குக் கல்யாணமான புதிதில் நான்கு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். நான் கிட்டார். என் மனைவியின் தம்பி டிரம்ஸ். பாடியவனைத் 'தொண்டை' என்றும், பேஸ் கிட்டார் வாசித்தவன் மேடையில் இம்மியும் அசைய மாட்டான் என்பதால் அவனைத் 'தூண்' என்றும் கூப்பிடுவோம். சொந்தமாக ஒரு பாட்டுப் போட்டோம். அதில் இரண்டாவது சரணம் முடிந்ததும் டிரம்ஸ் தனியாக நான்கு அடி அடிக்க வேண்டும். நான்காவது அடியின் வாலைப் பிடித்துக்கொண்டு என் தனிவாசிப்பு கிளம்ப வேண்டும். அந்தத் தனிவாசிப்புக்காக விரல் நுனியெல்லாம் காய்த்துப்போகும் வரை பழகியிருந்தேன்.

ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனோம். எங்களுக்குப் பிறகு ஒரு சோப்பு விளம்பரத்துக்குப் பாட வந்தவர்கள் கதவருகிலேயே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே மூச்சில் வாசித்தோம். பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது. நான்கு அடியில் இரண்டு விழுந்தது. மூன்றாவது விழ வேண்டிய இடத்தில் மைத்துனன் தும்மினான். மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டதால் தும்மல் பதிவாகவில்லை. அடியும் பதிவாகவில்லை. பாட்டின் நடுவில் ஒரு பள்ளம். பிறகு பதறிப்போய் இரண்டு அடியை அவசர அவசரமாகக் கொட்டினான். பாட்டு எப்படியோ தட்டுத்தடுமாறி எழுந்து முடிந்தது.

இன்னொரு முறை வாசிக்கலாம் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். ஒலிப்பதிவாளர் சோப்புக்காரர்களைப் பார்த்தபடியே, இதுதான் உயிரோட்டமாக இருக்கிறது என்று சொல்லி எங்களை வழியனுப்பினார். பாட்டு வெளியானது. நாய் கூடச் சீந்தவில்லை. தொண்டை வெளிநாட்டுக்குப் போய் வீடு விற்கிறான். தூண் எங்கே நிற்கிறான் என்று தெரியாது. நான் லென்ஸ் தேய்க்கிறேன். மைத்துனன் லிஃப்ட் மெக்கானிக் ஆகி, தூசி மண்டிய குழிகளுக்குள் இறங்கித் தும்மிக்கொண்டிருக்கிறான். பொருத்தமான தொழில்தான் என்று நான் சொன்னேன். அவனுக்குத் 'தும்மல்' என்று பெயர் வைத்ததும் நான்தான்.

என் மகளின் பிறந்தநாள் ஒன்றில், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, இந்தக் கதையை நடித்தே காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மைத்துனன் மட்டும் கேக் தட்டை மேசையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. உள்ளதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறவனை என்ன செய்வது? மனைவி கொஞ்ச நாள் என்னிடம் பேசவில்லை. பிறகு பேசினாள், ஆனால் முன்பு போல இல்லை. இதுவும் அந்தத் தும்மலின் கணக்கில்தான் சேரும்.

இப்படியிருக்கும்போது தொண்டை போனில் கூப்பிட்டான். ராக் பாட்டுகளைத் தொகுத்து ஒரு வீடியோ கேம் வருகிறதாம். ரசிகர்களுக்கு எந்தப் பாட்டெல்லாம் உயிரோ, அதையெல்லாம் ஓட்டெடுப்பு நடத்திப் பொறுக்கி எடுத்திருக்கிறார்களாம். அதில் எங்கள் பாட்டும் இருக்கிறதாம். நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டேன். எங்களுக்கு ரசிகர்கள் இருந்தார்கள் என்ற செய்தியை இவ்வளவு காலம் யாரும் என் கண்ணில் காட்டவில்லை.

கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் என் மகள் அந்த கேமை வாங்கிவந்தாள். கூடவே ஒரு பிளாஸ்டிக் கிட்டார். கம்பி கிடையாது. கழுத்தில் ஐந்து கலரில் ஐந்து பொத்தான், வயிற்றில் தட்டுவதற்கு ஒரு பட்டை. திரையில் ஒரு சாலை நம்மை நோக்கி ஓடிவரும். அதில் கலர் கலராக வில்லைகள் வரும். ஒரு வில்லை கீழே உள்ள கோட்டைத் தொடும் நொடியில் அதே கலர் பொத்தானை அழுத்திப் பட்டையைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் பாட்டு கேட்கும், தவறினால் அந்த வாத்தியம் மட்டும் ஊமையாகிவிடும். தொடர்ந்து தவறினால் திரையில் உள்ள கூட்டம் ஊளையிட்டு ஆளை வெளியேற்றிவிடும். குழந்தை விளையாட்டு என்று நினைத்தேன்.

பாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பாட்டில் கிட்டார் வாசித்தது என் அப்பா என்று கல்லூரி முழுக்கச் சொல்லி, தோழர்கள் ஒரு கும்பலையே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். நான் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு, நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தேன். சோபாவிலும் தரையிலும் உட்கார்ந்து அவர்கள் என்னையே பார்த்தார்கள். பொம்மைக் கிட்டாரைத் தோளில் மாட்டினேன். முதல் சரணம் தடுமாறித் தாண்டியது. இரண்டாவது சரணம் முடிந்து அந்த இடம் வந்தது. நான் எழுதிய பாட்டு, நான் எழுதியபடி, வரவேண்டிய தாளத்தில் என் தனிவாசிப்பை ஆரம்பித்தேன். திரை எல்லாவற்றையும் தப்பு என்றது. கூட்டம் ஊளையிட்டது. 'தோல்வி' என்று கொட்டை எழுத்தில் வந்தது.

பொத்தான் சரியில்லை என்றேன். இன்னொரு முறை ஆடினேன். அதே இடத்தில் விழுந்தேன். பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள், யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் மட்டும் பாப்பாவிடம், வாசித்தது உங்கப்பாவா, இல்லை அப்பாவின் நண்பர்கள் யாராவதா என்று தணிந்த குரலில் கேட்டான். அவள் முகம் சிவந்துபோனதைப் பார்த்தேன். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. பிறகு அவளே ஆடிக்காட்டினாள், ஒரு வில்லை கூடத் தவறவில்லை. என் பாட்டின் பட்டியலில் முதலிடத்தில் அவள் பெயர் மின்னியது. என் பெயர் பட்டியலிலேயே இல்லை.

அன்று முடிவு செய்தேன். அந்த முதலிடத்தில் என் பெயர் ஏற வேண்டும், அதை அந்தப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். கிட்டாரில் அவளுடைய புள்ளியைத் தாண்டிவிட்டால் அந்தத் திரையைப் படமெடுத்துத் தோழர்கள் எல்லோருக்கும் அனுப்புகிறேன் என்று பாப்பாவும் வாக்குக் கொடுத்தாள். அதன்பிறகு கடையில் வியாபாரம் நடந்தது, நான் அங்கே இல்லை. எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்லும்போதெல்லாம் என் விரல்கள் கவுண்டரில் பொத்தான் அழுத்திக்கொண்டிருந்தன.

பழகப் பழக மற்ற இடமெல்லாம் வசப்பட்டது. அந்தப் பள்ளம் மட்டும் படியவில்லை. அங்கே டிரம்ஸுக்கு வில்லையே கிடையாது, வெறும் சாலை. கிட்டாருக்கோ ஒரே ஒரு வில்லை, பின்னால் ரயில்பெட்டி மாதிரி நீளமான வால். வால் முடியும்வரை பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். நான் இப்படி ஒன்றை எழுதவே இல்லை. கேம் செய்தவர்களுக்குக் காது செவிடு என்று திட்டினேன்.

பாப்பா பொறுமையாகச் சொன்னாள்: "அந்த இடத்துல அவசரப்படாதீங்கப்பா. அந்த ஒரு நோட்ட புடிச்சுக்கிட்டே இருக்கணும். விட்டுடக் கூடாது."

சந்தேகம் தீர, பாட்டைப் போட்டுக் கேட்டேன். நம்ப முடியவில்லை, அந்த நீளமான சுரம் உண்மையிலேயே இருந்தது. டிரம்ஸ் இல்லாத அந்தப் பள்ளம் முழுக்க என் கிட்டார் தனியாக இழுத்துக்கொண்டு நின்றது. அவன் தும்மித் தொலைத்ததில் என் கை தடுமாறி அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அவனுடைய தப்பு போதாதென்று என் தலையிலும் ஒரு தப்பைக் கட்டியிருக்கிறான். இத்தனை வருடக் கோபத்துக்கு மேல் புதிதாக ஒரு அடுக்குக் கோபம் வந்தது.

அதைவிடக் கொடுமை, ரசிகர்கள். அந்த இடத்தைப் பற்றி அவர்கள் இணையத்தில் எழுதித் தள்ளியிருப்பதைப் பாப்பா படித்துக் காட்டினாள். டிரம்ஸின் அந்த மௌனத்தில் மயிர்க்கூச்செறிகிறதாம். காதலில் தோற்றவனின் இதயம் ஒரு துடிப்பைத் தவறவிடுவதைத் தாளத்தில் வடித்த மேதையாம் டிரம்மர். ஒருவர் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதியிருந்தார். இந்த ஒரு இடத்துக்காகவே ஓட்டுப் போட்டேன் என்று பலர் சொல்லியிருந்தார்கள். என் தனிவாசிப்பைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார், கொஞ்சம் நீளம் என்று. அது தும்மல், வெறும் தும்மல் என்று நான் கத்தினேன். அடுக்களையிலிருந்து மனைவி, தெரியும், தெருவுக்கே தெரியும் என்றாள்.

கேமில் இன்னொரு வசதி உண்டு. நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். சில வில்லைகளில் நட்சத்திரம் இருக்கும். அவற்றைத் தவறாமல் தட்டினால் ஓரத்தில் ஒரு குழாயில் சக்தி நிரம்பும். நிரம்பியதும் கிட்டாரின் கழுத்தை மேலே தூக்கினால், புள்ளிகள் இரட்டிப்பாகக் கொட்டும். அதே சக்திக்கு வேறொரு உபயோகமும் இருக்கிறது. கூட ஆடுகிறவர் தோற்று வெளியேறிவிட்டால், அப்போது கிட்டாரைத் தூக்கினால் அவர் பிழைத்து உள்ளே வந்துவிடுவார். ஆனால் சக்தி காலி.

எனக்கு இது தெரிய வந்தது மனைவியால். ஒரு நாள் அவளையும் பேஸ் கிட்டாருக்கு உட்கார வைத்தாள் பாப்பா. அவள் துவைத்த துணியை மடியில் வைத்தபடியே ஆடி, பாதியில் தோற்றாள். தூக்குங்கப்பா, அம்மாவக் காப்பாத்துங்க என்று பாப்பா சொன்னாள். தனிவாசிப்பு வரப்போகிறது, சக்தியை வீணாக்க முடியாது என்று நான் சொன்னேன். மனைவி பொம்மைக் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுத் துணி மடிக்க ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை என்று மட்டும் சொன்னாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாப்பாவைத் தாண்ட ஒரே வழி, சக்தியை முழுதாகச் சேர்த்து வைத்து, பள்ளத்தைத் தாண்டியதும் தனிவாசிப்பில் கொட்டுவது. தனிவாசிப்பில்தான் வில்லை மழையாகப் பொழியும். தனியாக ஆடினால் அவ்வளவு நட்சத்திரம் சேராது. நான்கு பேர் ஆடினால்தான் சேரும். பாட பாப்பா, பேஸுக்கு மனைவி, டிரம்ஸுக்கு ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா வருகிறார் என்றாள் பாப்பா, தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே. அவளே கூப்பிட்டிருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை. மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை, ஆனால் கரண்டி அந்தரத்தில் நின்றது. வரட்டும் என்றேன். இணையத்தில் மேதை என்று கொண்டாடப்படுபவன் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விளையாடட்டும், யார் யார் எப்படி என்று பாப்பாவும் பார்க்கட்டும் என்பதுதான் என் எண்ணம். அதை வெளியில் சொல்லவில்லை.

ஞாயிறு காலை வந்தான். முன்நெற்றி ஏறியிருந்தது. கையில் ஒரு பிஸ்கட் டப்பா, தோளில் கருவிப் பை. வழியில் எங்கோ லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம், பார்த்துவிட்டு வருகிறானாம். எப்படி இருக்கிறீர்கள் என்று அவன் ஒரு கேள்வி, நல்லா இருக்கேன் என்று நான் ஒரு பதில். அதோடு சரி. மனைவி மட்டும் தம்பிக்கு டீ கொடுத்துவிட்டு, காலியாகிவிட்டதா என்று கோப்பையை எட்டி எட்டிப் பார்த்தாள்.

பிளாஸ்டிக் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தான். நான்கு வட்டத் தட்டு, காலுக்கு ஒரு மிதி. குச்சியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினான். அந்தச் சுற்று மாறவே இல்லை. என் பார்வை அதிலேயே நின்றுவிட்டது. உடனே சக்திக் குழாயைப் பார்த்து என்னைச் சரிப்படுத்திக்கொண்டேன்.

பாட்டு ஆரம்பித்தது. பழக்கமில்லாத தட்டுகள் என்பதால் முதல் சரணத்தில் நிறையத் தவறவிட்டான். தோல்வி எவ்வளவு பக்கத்தில் என்று காட்டும் அவனுடைய அளவுக்கோடு சிவப்பில் ஊசலாடியது. நான் ஒரு நட்சத்திரத்தையும் விடவில்லை. இரண்டாவது சரணம் முடிவதற்குள் என் குழாய் நிரம்பி வழிந்தது. பாப்பா பாடிக்கொண்டே என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக நான் எதையும் வாசித்ததில்லை, நிஜக் கிட்டாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பள்ளம் வந்தது. நீள வில்லையைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே நின்றேன். டிரம்ஸ் சாலை காலியாக ஓடியது. அங்கே மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது அடியை அடித்தான். நான்காவது அடியையும் அடித்தான். கச்சிதமாக, நான் எழுதியபடி, இம்மி பிசகாமல். இல்லாத வில்லைகளை அடித்தால் கேம் தப்பு என்றுதான் சொல்லும். சிவப்பில் இருந்த கோடு அணைந்தது. டிரம்ஸ் படம் திரையின் அடியில் போய் விழுந்தது. கூட்டம் ஊளையிட்டது.

அவன் கண்ணைத் திறந்தான். குச்சிகளை அந்தரத்தில் பிடித்தபடி என்னைப் பார்த்தான். திரையைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். பதிவுக் கூடத்திலும் மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீரோடு, இதே மாதிரி என்னைத்தான் பார்த்தான். கதையில் நான் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியதில்லை.

சாலையின் மேல்முனையில் என் தனிவாசிப்பு வந்துகொண்டிருந்தது, வில்லை வில்லையாக. குழாய் முழுசாக இருந்தது. இப்போது தூக்கினால் அவன் வருவான். அந்த வில்லைகள் வந்ததும் தூக்கினால் என் பெயர் வரும்.

தோள்பட்டை பிடித்துக்கொண்டது. வயதாகிறது, நாள் முழுக்கக் குனிந்து லென்ஸ் தேய்க்கிறவன், பிடிக்காதா? அதை உதறுவதற்காகத்தான் கிட்டாரைத் தூக்கினேன். குழாய் சர்ரென்று காலியானது. டிரம்ஸ் படம் துள்ளி மேலே வந்தது. மைத்துனன் பதறிப்போய் இரண்டு அடியை அவசர அவசரமாகக் கொட்டினான். அது அப்படியே பாட்டில் இருந்தபடி விழுந்தது. என் தனிவாசிப்பின் முதல் வில்லைகள் நான் பார்ப்பதற்குள் ஓடிப்போய்விட்டன. மீதியை வாசித்தேன். கண்ணாடியில் ஏதோ படிந்திருந்ததால் கலர் சரியாகத் தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. கூட்டம் கைதட்டியது. பட்டியலில் பாப்பா பெயர் மேலேயே இருந்தது, என் பெயர் அதற்குக் கீழே. பாப்பா மைக்கைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். மனைவியும் பார்த்தாள். தோள் வலி என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னேன். யாரும் தைலம் எடுத்துவரப் போகவில்லை.

மைத்துனன் குச்சிகளைத் தொடையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். அந்த நான்கு அடியைத் தினமும் சரியாக அடித்துப் பார்த்துக்கொள்வானாம், லிஃப்ட் குழிக்குள் கம்பியைத் தட்டி. அதுவே கைப்பழக்கமாகிவிட்டதாம். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்.

"அன்னைக்கும் நீங்கதான் அத்தான் புடிச்சுக்கிட்டு நின்னீங்க. நான் தும்மிட்டு நிமிர்ந்து பாக்குறேன், தொண்டையும் தூணும் தெகைச்சு நின்னுட்டாங்க. நீங்க மட்டும் அந்த ஒரு நோட்ட விடாம இழுத்துக்கிட்டு, வா வான்னு தலைய ஆட்டுறீங்க. அதப் புடிச்சுத்தான் நான் ஏறி வந்தேன்."

எனக்கு நினைவில்லை என்றேன். அது உண்மை, சத்தியமாக நினைவில்லை.

"நான் விழுந்தத ஊருக்கே சொன்னீங்க," என்றான். "நீங்க தூக்கி விட்டத ஒருத்தர்கிட்டகூட ஏன் சொல்லல?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கண்ணாடிக்காரன் கண்ணாடி துடைப்பதில் என்ன இருக்கிறது? துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. மனைவி எழுந்து போய், காலியாக இருந்த இரண்டு கோப்பைகளையும் எடுத்தாள். போகிற போக்கில் அவள் கை என் பிடித்துக்கொள்ளாத தோளில் ஒரு நொடி இருந்துவிட்டுப் போனது.

இன்னொரு தடவை ஆடலாமா என்று பாப்பா கேட்டாள். நான் கிட்டாரை மாட்டிக்கொண்டேன்.

"மாப்ள," என்றேன். அவனை அப்படிக் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. "அந்த எடம் வந்தா நீ அடிக்காத. சும்மா இரு. நான் பாத்துக்கறேன்."